எந்த ஸ்கேன்?

என் ஓ.பி. நோட்டில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: ‘தொடர் பரிசோதனைக்கு வரவில்லை.’ நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த வரியால்தான். நோயை வென்ற பெண், தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று ஏதாவது கிடைக்கும் என நினைப்பவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். நான் எதையும் வெல்லவில்லை. இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரி என்றும் எழுதமாட்டேன். மறுபடியும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி என்று தெரிந்தால் போதும்.

என் பெயர் ஸ்டெல்லா. சாந்தோம் கடலோரக் குப்பத்தில் வீடு. வயது ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருஷமாகக் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து வந்து எங்கள் கடற்கரை ரோட்டில் விற்கிறேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிறவள். மீன்காரிக்கு இப்படி எழுத வருமா என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன்.

கொரோனாவுக்கு நாலு வருஷம் முன்னால் என் தங்கைக்கு ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போனேன். எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு உன் ரத்தம் ஆகாது என்றார்கள். மஞ்சள்காமாலை பி என்கிற கிருமி உள்ளே இருக்கிறதாம். சின்ன வயதில் போட்ட ஊசியில் வந்திருக்கலாம், பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்த டாக்டர், நர்ஸ், ஆயா, வார்டில் பக்கத்துக் கட்டிலின் மாமியார் வரை எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: “குடிப்பியா?” கல்லீரல் என்றால் சாராயம், மீன்காரி என்றால் இன்னும் சாராயம். நான் பூசையில் கொடுக்கும் திராட்சை ரசத்தைக்கூடத் தொட்டதில்லை.

அப்போது கல்லீரல் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். பிறகு மாற்றிவிட்டார்கள். அவர் ஒருவர்தான் கேள்வி கேட்காமல் விஷயத்தைச் சொன்னார்.

“கல்லீரலுக்கு வலி தெரியாது, ஸ்டெல்லா. உள்ள கட்டி வளந்தாலும் அது பாட்டுக்கு சும்மா இருக்கும். நாமதான் போய் எட்டிப் பாக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வயித்துல ஒரு ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை. வலி இருந்தாலும் வா, இல்லாட்டியும் வா.”

ஸ்கேன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, சோப்புக்கட்டி மாதிரி ஒரு கருவியை விலா எலும்புக்குக் கீழே அழுத்தி உருட்டுவார்கள். திரையில் கல்லீரல் தெரியும். ரத்தப் பரிசோதனை, கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு புரதத்துக்காக. கட்டி சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால், தோல் வழியாக ஊசியை விட்டு அதன் நுனிச் சூட்டால் கட்டியைப் பொசுக்கிவிடலாம். பெரிதாகிவிட்டால் ஊசியால் ஆகாது. தினமும் ஒரு மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதுவும்தான் அவர்கள் எனக்குச் சொன்ன மொத்த வைத்தியம்.

தேதி மறக்காமலிருக்க நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். சித்திரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வரும், ஏலத்தில் சரக்கு இருக்காது. அப்போது ஒரு ஸ்கேன். ஐப்பசியில் மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கேன். தடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. இப்படி ஏழு தடவை போனேன். நோட்டில் ஏழு முத்திரை இருக்கிறது. எட்டாவது தடவைதான் ஊரடங்கு.

அந்தச் சித்திரையில் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. தேதி வந்துவிட்டதே என்று நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். லஸ் முனையில் ஒரு போலீஸ்காரர் தடுப்புப் போட்டு நின்றார்.

“இன்னாம்மா, ஊரே உள்ள கீது, நீ எங்க போய்க்கினு கீற?”

நோட்டைக் காட்டினேன். அடுத்த தடுப்பில் விடமாட்டார்கள் என்று, அவரே நோட்டின் பின்னட்டையில் பால்பென்னால் ஏதோ எழுதிக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நடந்து ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட் பூட்டியிருந்தது. திட்டிவாசலில் காவலாளி நின்றான்.

“காய்ச்சல் கீதா?”

“இல்ல.”

“சளி, இருமல்?”

“ஒண்ணும் இல்லப்பா. லிவர் ஓ.பி. எனக்கு ஸ்கேன் தேதி இன்னிக்கு.”

“ஓ.பி. எல்லாம் மூடியாச்சு. காய்ச்சல் இருந்தா வா. இல்லன்னா வூட்டுக்குப் போ.”

என் வாழ்க்கையில் காய்ச்சல் வரவில்லையே என்று வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். திரும்பும்போது அதே போலீஸ்காரர், “அதுக்குள்ள வந்துட்டியா?” என்று சந்தேகமாக நிறுத்தினார். “கேட்டு மூடிகீது சார்” என்றேன். நோட்டை வாங்கி இன்னொரு வரி எழுதினார். வீட்டுக்கு வந்து கால் கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். அந்த வருஷம் மழைக்கு முன்னாலும் போனேன். எங்கள் பிரிவு இருந்த கட்டடத்தையே கொரோனா வார்டாக்கிக் கயிறு கட்டியிருந்தார்கள். கேட்பதற்குக்கூட ஆள் இல்லை.

கொரோனா எனக்கும் வந்தது, இரண்டாவது அலையில். பத்து நாள் ஆக்சிஜன். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பரிசோதனை மையத்திலிருந்து கூட்டிப்போய் நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் ஸ்கேன் என்றால் நெஞ்சு ஸ்கேன்தான். பிழைத்து வந்தபின் தினமும் இரண்டு தடவை கார்ப்பரேஷனிலிருந்து போன் வரும். காய்ச்சல் இருக்கா, சளி இருக்கா, மூச்சு வாங்குதா. முதல் அலையில் இப்படி உண்மை சொன்னவர்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். தகரம் அடித்த வீட்டாரிடம் யார் மீன் வாங்குவார்கள்? அதனால் குப்பமே ஒரு பதிலைப் பாடம் பண்ணி வைத்திருந்தது. யார் எது கேட்டாலும் நல்லா கீறோம், நார்மல். சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவோம்.

உடம்பு தேறி, அந்த வருஷம் மழைக்கு முன்னால் லிவர் ஓ.பி.க்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “உங்க பேர்ல இந்தத் தடவை எல்லாம் முடிஞ்சிருக்கும்மா. அடுத்த தேதி போன்ல சொல்லுவாங்க” என்றாள். என்ன முடிந்தது என்று கேட்டேன். “முடிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு” என்றாள். பின்னால் நின்றவர்கள் நகரும்மா நகரும்மா என்றார்கள். நகர்ந்தேன். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன் வரவில்லை. அடுத்த தடைக்காலம் போனது, மழை போனது. மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டு தடவை கேட்டேன். பிறகு கேட்கவில்லை. அவர்களே கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டேன், எனக்கும் வலி எதுவும் இல்லை.

இளைக்கத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தது அடையாற்றிலிருந்து காரில் வந்து வஞ்சிரம் வாங்கும் ஒரு அம்மாள். “என்ன ஸ்டெல்லா, டயட்டா? நல்லா ஸ்லிம் ஆயிட்டியே” என்றாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வலது விலாவுக்குக் கீழே பாரம். ஒருநாள் ஐஸ் பெட்டியைத் தூக்கப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் நாத்தனார் ரீட்டா அடுத்த கடைதான். என் வீட்டுக்காரரின் தங்கை, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், எங்களோடுதான் இருக்கிறாள். அவள் கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“அண்ணி, இது வாயு இல்ல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம். கடை கெடக்கட்டும்.”

மறுநாளே போனோம். ஸ்கேன் எடுத்த பெண் முதலில் பக்கத்தில் இருந்தவளோடு சீரியல் கதை பேசிக்கொண்டிருந்தாள். கருவி விலாவுக்குக் கீழே போனதும் பேச்சை நிறுத்திவிட்டாள். ஸ்கேன் அறையில் பேச்சு நின்றால் பயப்பட வேண்டும். பிறகு பெரிய ஸ்கேன். கையில் மருந்தை ஏற்றுவார்கள், உடம்பெல்லாம் சூடாகி, மூத்திரம் போய்விட்டது போல இருக்கும். போயிருக்காது, பயப்படாதீர்கள். அந்த மருந்து கல்லீரலுக்குள் ஓடும்போது எங்கே நிற்கிறது, எங்கே கழிகிறது என்பதை வைத்துக் கட்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்கள். சதையை எடுத்துச் சோதிக்கக்கூட வேண்டாமாம்.

முடிவை எனக்குச் சொன்னது வராந்தாவில். பட்ட மேற்படிப்பு படிக்கும் ஒரு சின்ன டாக்டர், மூக்குக் கண்ணாடி, என் மகளைவிட இளையவன். நடந்துகொண்டே சொன்னான்.

“கல்லீரல்ல கேன்சர் கட்டி இருக்கும்மா. அஞ்சரை சென்டிமீட்டர். பக்கத்துல சின்னதா இன்னொண்ணு. வேற யாராவது வந்திருக்காங்களா?”

அஞ்சரை சென்டிமீட்டர் என்றால் ஒரு நெத்திலி. நான் கையால் அளக்கத் தெரிந்தவள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்திருந்தால் சென்னாக்குன்னி, அந்தப் பொடி இறால் அளவில் பிடித்திருக்கலாம். சென்னாக்குன்னியை ஊசியால் பொசுக்கலாம், நெத்திலியைப் பொசுக்க முடியாது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது ரீட்டா மேல் போயிற்று. தண்ணீர் பாட்டிலை மூடத் தெரியாதா என்று வராந்தாவிலேயே அவளைத் திட்டினேன். அவள் பாட்டிலை மூடினாள்.

பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள். பில்லைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, அரசாங்க ஆஸ்பத்திரியில் பில் வராது. காத்திருப்பதுதான் கட்டணம். ரத்தம் எடுக்கக் காத்திருப்பது, எடுத்த ரத்தம் உறைந்துவிட்டது என்று மறுபடியும் எடுக்கக் காத்திருப்பது. உப்பு கூடாது, கருவாடு கூடாது. சாப்பாட்டை மூடி வைத்த தட்டைத் திறந்தாலே குமட்டும். பங்குக் கோயிலிலிருந்து ஜெபக்குழுப் பெண்கள் நாலு பேர் வந்து, ஆண்டவர் தமக்குப் பிரியமானவர்களைத்தான் சோதிப்பார் என்றார்கள். அவருக்குப் பிரியமானவள் எங்கள் குப்பத்தில் நான் ஒருத்திதானா என்று கேட்டேன். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சேவியர் பேச்சு குறைவான மனுஷர். தினமும் வந்து என் துணியை வாங்கிப் போய்த் துவைத்து மடித்து எடுத்து வருவார். ஒருநாள் துணியை முகர்ந்தேன், மீன் வாசனையே இல்லை. ரீட்டாவிடம் கேட்டேன். எனக்கு அந்த வாசனை குமட்டுகிறது என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் மீனே சமைக்கவில்லையாம். கடலில் மீன்பிடிக்கிறவர் மூன்று வாரமாகத் தயிர்ச்சோறும் ஊறுகாயும் தின்றுகொண்டிருக்கிறார். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

வார்டில் எல்லாரும் எண்ணிக்கொண்டிருப்பது வியாழக்கிழமையைத்தான். அன்று டாக்டர்கள் கூட்டம் போட்டு யாருக்கு என்ன வைத்தியம் என்று முடிவு செய்வார்கள். எனக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. தொடையிடுக்கில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபைக் கல்லீரல் வரைக்கும் விட்டு, கட்டிக்குப் போகும் குழாயில் மருந்தை ஊற்றி அந்தக் குழாயையே அடைத்துவிடுவது. கட்டி பட்டினி கிடந்து சுருங்கும். கட்டியை மொத்தமாக அழிக்காது, ஆனால் நாளைக் கொடுக்கும். இதை ஒரு தடவையோடு விடமுடியாது, திரும்பத் திரும்ப வரவேண்டும். வராதவர்களுக்குச் செய்து பயனில்லை என்று கூட்டத்தில் நினைத்தால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ரவுண்ட்ஸில் கண்ணாடி டாக்டர் என் கட்டிலருகே நின்று இன்னொரு டாக்டரிடம் சொன்னதைக் கேட்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், இருபத்தெட்டு வருஷம் ஏலத்தில் நின்றவள்.

“ஃபாலோ அப்க்கு வராத பேஷன்ட். மூணு வருஷ கேப். லிஸ்ட்ல போட்டாலும் சீஃப் ஒத்துக்க மாட்டாங்க. மாத்திரைல விட்டுடலாம்.”

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது முத்திரைக்குப் பிறகு வெற்றுப் பக்கம். அடுத்து அவன் கையெழுத்தில் அந்தச் சிவப்பு வரி.

“தம்பி, இங்க வா” என்றேன். டாக்டரைத் தம்பி என்று கூப்பிடக்கூடாது என்று ஆயா கண்ணைக் காட்டினாள். “யாரு வரல? நான் வந்தேன். உங்க கேட்டுதான் மூடி இருந்துச்சு.”

“அம்மா, எல்லாருக்கும்தான் லாக்டவுன். அப்புறமாவது வந்திருக்கலாமே.”

“வந்தேன். முடிஞ்சிடுச்சு, போன் வரும்னு அனுப்பிட்டாங்க. கேட்டு மூடுன வருஷம் நீ எங்க இருந்த?”

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு, “இங்கதான். கொரோனா வார்டுல. தினம் பிளாஸ்டிக் டிரஸ்ல பன்னெண்டு மணி நேரம்” என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. அதனால் நான் இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். “அப்ப கேட்டு மூடி இருந்தது உனக்கே தெரியும். தெரிஞ்சே எழுதிகீற” என்றேன். அவன் முகம் சிவந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான்.

புதன்கிழமை ஹெட் சிஸ்டரிடம் போய் நின்றேன். என் பேரில் என்ன முடிந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள், பார்க்கிற வரைக்கும் இந்த மேஜையை விட்டு நகரமாட்டேன் என்றேன். அவர் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும் பெண்மணி. என்னை ஒரு மணி நேரம் நிற்கவிட்டார், பிறகு அலமாரியைத் திறந்தார். கொரோனா காலத்தில் பழைய நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே ஆள் வைத்துப் போன் பண்ணி எழுதி வைத்த நீள ரிஜிஸ்டர் அது. விரலை வைத்துத் தேடி என் பெயரில் நிறுத்திச் சத்தமாகப் படித்தார்.

“ஸ்டெல்லா. ஸ்கேன் எடுத்துவிட்டார். நார்மல். பேசியவர், நோயாளி.”

ரீட்டாவும் பக்கத்தில் இருந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எனக்கு அந்தப் போன் ஞாபகம் வந்துவிட்டது. ஆக்சிஜனிலிருந்து வந்து ஒரு வாரம் இருக்கும். கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் குரல். “ஸ்டெல்லா அம்மாவா? ஆஸ்பத்திரிலேருந்து பேசுறோம். ஸ்கேன் எடுத்தீங்களா?” நான் தகரத்தை நினைத்தேன். “எடுத்தாச்சு நைனா, நார்மல்” என்றேன். அவன் நன்றி சொன்னான். நான் போனை வைத்துவிட்டு, ஒரு தொல்லை ஒழிந்தது என்று கஞ்சியைக் குடித்தேன். அவன் கேட்டது கல்லீரலை, நான் சொன்னது நெஞ்சை. கொரோனா வந்த பத்து நாளில் மூச்சுக்குத் தவித்ததைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். அந்த மேஜை முன்னால் நின்ற ஒரு நிமிஷத்தை இன்னும் தாங்க முடியவில்லை.

வார்டுக்குத் திரும்பும்போது ரீட்டா மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணி, நாளைக்கு அந்த போன்ல பேசுனது நான்தான்னு சொல்லிக்கிறேன். நீ ஆக்சிஜன்ல இருந்த, உன் பேர்ல நான் பேசிட்டேன்னு. என்னையா வைத்தியத்துக்கு லிஸ்ட்ல போடப் போறாங்க? எனக்கு இன்னா நஷ்டம்?”

நல்ல யோசனைதான். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அன்று பகல் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் பழியைச் சுமந்தால் எனக்கு நாள் கிடைக்கும். ஆசையாக இருந்தது. உயிர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை இருக்கிறது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என்னைச் சக்கர நாற்காலியில் கூட்ட அறைக்குள் கொண்டுபோனார்கள். பொதுவாக நோயாளியைக் கூப்பிடமாட்டார்கள். நான் பண்ணிய ரகளை சீஃப் காதுக்குப் போயிருந்தது. சீஃப் தலை நரைத்த பெண், முன்னால் ஆறிப்போன டீ. சுற்றி எட்டுப் பத்து டாக்டர்கள். சுவரில் என் கல்லீரல். மேஜை மேல் ரிஜிஸ்டரும் என் நோட்டும் இருந்தன.

“நீங்களே ஸ்கேன் எடுத்துட்டேன்னு சொல்லியிருக்கீங்களேம்மா” என்றார் சீஃப். கோபமாகச் சொல்லவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ரீட்டா வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன்.

“நான்தான் சொன்னேன்” என்றேன். “நெஞ்சு ஸ்கேன சொன்னேன். கார்ப்பரேஷன்காரன்னு நெனச்சு சொன்னேன். அது என் தப்பு. நார்மல்னு ஒரு மீன்காரி போன்ல சொன்னா உடனே எழுதிக்கினு பேரை அடிச்சிடுவீங்களா? எந்த ஸ்கேன்னு ஒரு வார்த்த கேக்கத் தெரியாதா அந்தப் பையனுக்கு? அந்த ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் இன்னிக்கு இங்க குந்தினு இருக்கமாட்டேன். இவரு வரவில்லைன்னு எழுதிகீறாரு. அது பொய்.”

“நீங்க வந்ததுக்கு ஏதாவது இருக்கா?” என்று கண்ணாடி டாக்டர் கேட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. என்ன இருக்கிறது என்னிடம்? மூடிய கேட்டுக்கு யார் ரசீது கொடுப்பார்கள் என்று கத்த வாயெடுத்தேன்.

அப்போதுதான் ரீட்டா, “அண்ணி, அட்டை” என்றாள்.

ஊரடங்குக்குப் பிறகு மாத்திரை வாங்கப் போனபோது நோட்டில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று ஒரு நர்ஸ் மூக்கைப் பிடித்ததால், ரீட்டா அதற்கு மாதாவின் படம் போட்ட பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொடுத்திருந்தாள். அவளே எழுந்து போய் மேஜை மேலிருந்த நோட்டை எடுத்து அந்த அட்டையைக் கிழித்தாள். பின்னட்டையில் நீலப் பால்பென், கொட்டை எழுத்து. கீழே தேதி, நேரம், கையெழுத்து. சீஃப் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“மேற்படியார் மருத்துவப் பரிசோதனைக்காக நடந்து செல்கிறார். அனுமதிக்கவும்.” அடுத்த வரி. “மருத்துவமனை வாயில் மூடப்பட்டுள்ளதாகக் கூறி மேற்படியார் வீடு திரும்புகிறார். அனுமதிக்கவும்.”

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திவிட்டார்கள். லஸ் முனையில் வெயிலில் நின்ற ஒரு போலீஸ்காரர் எனக்கு எழுதிக் கொடுத்ததை, மாதா படம் மறைத்திருந்ததால், என் நோட்டைப் புரட்டிய ஒரு டாக்டரும் பார்க்கவில்லை. நானும்தான் மறந்துபோனேன்.

சீஃப் சிவப்பு வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே இங்கிலீஷில் ஏதோ எழுதப் போனார்.

“தமிழ்ல எழுதுங்க” என்றேன். “என்னைப் பத்தினது எனக்குப் படிக்கத் தெரியணும்.”

பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு எழுதி, நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ‘வந்தார். நாங்கள் பார்க்கவில்லை.’ கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். என் பெயர் பட்டியலில் ஏறியது.

அடுத்த செவ்வாய் செய்தார்கள். மயக்க மருந்து கிடையாது, தொடையிடுக்கை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். மருந்து உள்ளே போகும்போது வலது தோளில் வலி ஏறியது. கல்லீரல் தன் வலியைத் தோளிடம் சொல்லி அனுப்புமாம். ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், மடக்கினால் ரத்தம் பீறிடும். ரீட்டா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நாலு நாள் காய்ச்சல், வாந்தி. கட்டி செத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் காய்ச்சல் என்று கண்ணாடி டாக்டர் வந்து விளக்கினான், இந்தத் தடவை கட்டிலருகே நின்று. காய்ச்சல் வந்துவிட்டது, இப்போதாவது கேட்டைத் திறப்பார்களா என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறேன். பெரிய கட்டி பாதியாகிவிட்டதாம். சின்னது அப்படியே இருக்கிறதாம். மறுபடியும் செய்ய வேண்டுமா, எத்தனை தடவை, அதற்குப் பிறகு என்ன என்பதெல்லாம் அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. விடிந்து எழுந்தவுடன் விலாவைத் தொட்டுப் பார்க்கிறேன். கேட் மூடியவர்கள்மேல் ஆத்திரம் குறையவில்லை. என் மேல் இருப்பதும் குறையவில்லை. எங்கள் பிரிவில் என்னை மாதிரி ஏழாவது முத்திரையோடோ ஐந்தாவது முத்திரையோடோ நின்றுபோன நோட்டுகள் எத்தனை இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவர்கள் எல்லாருக்கும் பின்னட்டையில் ஒரு போலீஸ்காரர் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்.

நேற்று மத்தியானம் போன் வந்தது. ரீட்டா மீன் கழுவிய ஈரக்கையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். வீட்டில் மறுபடியும் மீன் வருகிறது, நான்தான் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பெண் குரல், புதுசு, அவசரம்.

“ஸ்டெல்லா அம்மாங்களா? ஆஸ்பத்திரிலேருந்து. ஸ்கேன் எடுத்தாச்சுங்களா?”

ரீட்டா என்னைப் பார்த்தாள். சேவியர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“எந்த ஸ்கேன்னு கேளு” என்றேன்.

“ஆங்?” என்றாள் போனில் இருந்தவள்.

“நீ கேக்கறது எந்த ஸ்கேன்னு மொதல்ல சொல்லும்மா. சொல்லு, நான் இருக்கேன், போன வைக்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. தேடுகிறாள். நான் காத்திருந்தேன்.